பார்த்துக்கலாம்காரியும் பூட்டிக்கொண்ட கணினியும்

என் ஓரகத்தியை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பார்த்துக்கலாம்' என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேராக அப்படிக் கூப்பிடும் துணிச்சல் என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் உண்டு. "எங்கே நம்ம பார்த்துக்கலாம்?" என்பார். உள்ளேயிருந்து, "வர்றேன் மாமா" என்று கொஞ்சமும் கோபப்படாமல் பதில் வரும்.

அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் கழன்று வீடெல்லாம் தண்ணீர். நான் கடவுளைக் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரர் பிளம்பரைக் கூப்பிட்டார். அவள் யாரையும் கூப்பிடவில்லை. கையை மடித்துவிட்டுக்கொண்டு, "பார்த்துக்கலாம்" என்று இயந்திரத்துக்குப் பின்னால் புகுந்தாள். பிளம்பர் வந்தபோது தரை காய்ந்திருந்தது. அந்த மனிதர் பையைக்கூடத் திறக்காமல், எங்கள் எல்லாருடைய முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

தொட்டதெல்லாம் சரியானது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கூடத்து மின்விசிறியை இப்படித்தான் பார்த்துக்கலாம் என்று கழற்றி மாட்டினாள். அது இன்றைக்கும் டக்டக்கென்று ஒரு சத்தத்தோடுதான் சுற்றுகிறது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். "விழாது, தைரியமா உக்காருங்க" என்பாள். இத்தனை வருஷமாக விழவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவளுக்கு உடுப்புகளுக்குப் பேட்டர்ன் போடுகிற வேலை. நர்ஸ், சமையல்காரர், மெக்கானிக் என்று வேலைக்குப் போட்டுக்கொள்ளும் உடுப்புகளைத் தைக்கும் பட்டறை ஒன்று பக்கத்துத் தெருவில் இருக்கிறது. துணியை வெட்டுவதற்கு முன்னால், கை இந்த வடிவம், தோள் இந்த வடிவம், பை இங்கே என்று ஒவ்வொரு துண்டையும் வரைந்து கொடுக்க வேண்டும். அதுதான் பேட்டர்ன். அது தப்பினால் நூறு சட்டையும் தப்பு. அளவு நாடா எப்போதும் அவள் கழுத்தில் கிடக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே கண்ணால் நம்மை அளந்துவிடுவாள். "அக்கா, உங்களுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம், அதான் பை நழுவுது" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு எனக்கிருக்கும் தோளே தெரிந்தது.

பட்டறைக்குக் கணினி வந்தபோது காகிதத்தில் வரைந்து பழகியவர்கள் எல்லாம் தள்ளி நின்றார்கள். இவள் போய் முன்னால் உட்கார்ந்தாள். முதல் வாரம் அவள் போட்ட சட்டைக்கையை அச்செடுத்தால், அது காற்சட்டையைவிட நீளமாக வந்து விழுந்தது. கட்டிங் மாஸ்டர் அதை வெட்டித் தைக்கச் சொல்லி, எல்லாரும் பார்க்கிற மாதிரி சுவரில் மாட்டிவிட்டார்.

"யாருக்குமா இது, யானைக்கா?"

"யானைக்கு முன்னங்காலே கைதான் மாஸ்டர். அளவு சரியா இருக்கும், கூட்டிட்டு வாங்க" என்றாளாம்.

அங்குலத்துக்குப் பதில் சென்டிமீட்டர் என்று கொடுத்திருந்ததோ, மாற்றிக் கொடுத்திருந்ததோ, அதை அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டாள். வேலை கைக்குப் படிந்த பிறகு மாஸ்டரே அந்தக் கையைக் கழற்றப் போனார். இவள்தான் வேண்டாம் என்று தடுத்தாள். "இருக்கட்டும். நாளைக்கு எனக்குத் தலை கனத்தா அதைப் பார்த்துக்கறேன்."

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. தைத்து வந்த உடுப்பு ஒருவருக்குப் பொருந்தவில்லை என்றால், போட்டுக்கொண்டவரைக் குறை சொல்ல மாட்டாள். தைத்தவரையும் உடனே கூப்பிட்டு நிறுத்த மாட்டாள். உடுப்பைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு தையலாகப் பிரித்துப் பார்ப்பாள். "ஆளைப் பார்க்க ஆரம்பிச்சா தையல் கண்ணுல படாதுக்கா" என்பாள். இதை நான் பல தடவை கேட்டிருக்கிறேன். அதன் அருமை எனக்குத் தெரிந்தது போன வருஷம்தான்.

வீட்டிலேயே பாதி வேலையைச் செய்ய வசதியாக, பின்பக்க அறையில் ஒரு கணினி வாங்கி வைத்திருக்கிறாள். ஜன்னலோரம் மேசை, அகலமான திரை, நீளமான விசைப்பலகை. அந்தப் பலகையின் வலது ஓரத்தில் எண்கள் மட்டும் தனியாக ஒரு கட்டமாக இருக்கும். நாள் முழுக்க அளவு அடிப்பதால் அவள் வலது கை பார்க்காமலே அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். கணினிக்குள் போவதற்கான கடவுச்சொல்லிலும் பாதி எழுத்து, பாதி எண். அது யாருக்கும் தெரியாது. அவள் வீட்டுக்காரர், என் நடுக்கொழுந்தன், கப்பலில் இயந்திரம் பார்க்கிறவர். விடுமுறைக்கு வந்தபோது, "எனக்காவது சொல்லேன்" என்று கேட்டார். "நீங்க கப்பல் ஓட்ட எனக்குக் கத்துக் குடுங்க, நான் இதைச் சொல்றேன்" என்று சிரித்து மழுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு இன்னொருவன் வந்து சேர்ந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் கடைசிக் கொழுந்தன். சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே யாரோ யாருடைய கணினிக் கோப்பையோ திறந்து பார்த்துவிட்டார்கள் என்று ஒரு பிரச்சினை. அது இருந்தது இவனுக்குப் பக்கத்து இருக்கைக் கணினியில். யாரும் எதையும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருந்த அறையைக் காலி செய்துவிட்டு ஒரு பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. இப்போது தண்ணீர் வேண்டும் என்றால்கூடக் கேட்காமல் தானே எழுந்து போய்க் குடித்தான்.

"நீ செய்யலைதானே?" என்று என் வீட்டுக்காரர் அவனைக் கேட்டார். இல்லை என்றான். அதோடு விட்டிருக்கலாம். மறுநாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாள் கேட்காமல் பார்த்தார். கேட்பதைவிடப் பார்ப்பதுதான் அந்தப் பிள்ளைக்கு வலித்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கும்பிடுவதுதான். இவன் இந்த வீட்டில் நிம்மதியாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்று தினமும் காலையில் கேட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கொழுந்தன் வந்ததும் இவர் ஓய்வு பெற்றதும் ஏறக்குறைய ஒரே சமயம். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. விடிந்ததும் வண்டியைத் துடைக்காமல் எடுக்க மாட்டார் என்று பணிமனையில் பேர் வாங்கியவர். இப்போது துடைக்க வண்டி இல்லை, வீடு இருக்கிறது. கடைசி நாளில் பணிமனையிலிருந்து ஒரு கட்டு மஞ்சள் துணி கொண்டுவந்தார். குளிர்ப்பெட்டி, தொலைக்காட்சி, கதவுக் கைப்பிடி, ஜன்னல் கம்பி என்று காலையில் ஒரு சுற்று வருவார். மனிதர்களைத்தான் இன்னும் துடைக்கவில்லை.

அந்த நாட்களில்தான் பின்பக்க அறையில் விநோதங்கள் ஆரம்பித்தன.

ஒருநாள் காலையில் நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பின்பக்க அறையிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. தெளிவான குரல், ஆங்கிலம். எனக்கு அந்த பாஷை தெரியாது. கேட்டதற்குப் பதில் வருவதென்றால் இவ்வளவு சீக்கிரமாகவா என்று ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. நான் எழுந்து வருவதற்குள் என் வீட்டுக்காரர் கூடத்தில் வேர்த்து நின்றார். "கம்ப்யூட்டர் பேசுது" என்றார்.

ஓரகத்தி குளித்துவிட்டு வந்து ஏதோ அழுத்தினாள். குரல் நின்றது. "சில நேரம் அப்படித்தான், பார்த்துக்கலாம்" என்று பட்டறைக்கு ஓடிவிட்டாள். அவளுக்கு அந்த வாரம் பெரிய வேலை.

இன்னொரு நாள் கீச் கீச்சென்று சத்தம். வேறொரு நாள், கடவுச்சொல் எழுதும் கட்டத்தில் யாரோ பாதி எழுதிவிட்டு எழுந்து போனதுபோல் வரிசையாகப் புள்ளிகள். யாரும் உட்காராத நாற்காலி, யாரோ எழுதிய புள்ளிகள். அதைப் பார்த்ததும் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"இவன் வந்ததுக்கு அப்புறம்தான் இதெல்லாம்" என்று என் வீட்டுக்காரர் தணிந்த குரலில் என்னிடம் சொன்னார். அவருடைய தணிந்த குரல் பேருந்தின் கடைசி இருக்கை வரைக்கும் கேட்கும். அடுத்த அறையில் கொழுந்தன் துணி மடித்துக்கொண்டிருந்தான். மடிக்கிற கை நின்றதை நான் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை, ஓரகத்தி கணினி முன்னால் உட்கார்ந்து கடவுச்சொல் அடித்தாள். தவறு என்றது. மறுபடி அடித்தாள். தவறு என்றது. மூன்றாவது தடவை, நிறையத் தடவை தவறாக முயன்றிருக்கிறீர்கள், கணக்கு கொஞ்ச நேரத்துக்குப் பூட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு செய்தி வந்தது. அவளே படித்துச் சொன்னாள்.

"நான் மூணு தடவைதானே அடிச்சேன். நிறையத் தடவைன்னா யாரு?" என்று முணுமுணுத்தாள். அன்றைக்குப் பட்டறையில், தைத்த மாதிரி உடுப்பை நர்ஸ்கள் போட்டுப் பார்க்க வருகிறார்கள். போயே ஆக வேண்டும். "யாரும் எதையும் தொடாதீங்க. வந்து பார்த்துக்கலாம்" என்று நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

தொடாதீங்க என்றால் கணினியைத்தானே, தொலைபேசியை இல்லையே என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்து, 'கம்ப்யூட்டருக்குள்ள போக முடியல, உதவி வேணும்' என்று தன் கைப்பேசியிடம் வாயால் சொன்னார். அது ஒரு எண்ணைக் காட்டியது. கூப்பிட்டார். மறுமுனையில் ஒரு மனிதர். எவ்வளவு மரியாதை. "ஐயா, பயப்படாதீங்க ஐயா, உங்க கம்ப்யூட்டர் உள்ள திருடன் இருக்கான், நாங்க வெளியே எடுத்துடுவோம்" என்றார். குரலைச் சத்தமாக வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது. இப்படி மரியாதையாகப் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்களே என்று நான்கூட நினைத்தேன்.

அந்தக் கணினிக்கான மின்னஞ்சல் முகவரி என்ன என்று கேட்டார். ஓரகத்தியின் பட்டறைச் சீட்டில் இருந்ததைப் பார்த்து இவர் படித்துச் சொன்னார். "இப்ப உங்க போனுக்கு ஆறு எண் ஒரு மெசேஜ் வரும் ஐயா. அதை மட்டும் சொல்லிடுங்க, போதும்."

வந்தது. ஓரகத்தி தன் கணக்குக்கு, கடவுச்சொல் மறந்தால் செய்தி வர, அவசர எண்ணாக இவருடைய எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். மாமா எப்போதும் வீட்டில் இருப்பவர் என்ற நம்பிக்கை.

"நாலு," என்றார் இவர். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "ஒன்பது. ஒண்ணு."

கொழுந்தன் எங்கிருந்து வந்தான் என்று தெரியவில்லை. "அண்ணா, சொல்லாதீங்க" என்றான். இவர் கையை உயர்த்தி, சும்மா இரு என்று சைகை செய்தார். அடுத்த எண்ணுக்கு வாயைத் திறந்தார். கொழுந்தன் கைப்பேசியை அவர் கையிலிருந்து பிடுங்கி அணைத்துவிட்டான்.

அண்ணன் கையிலிருந்து எதையும் பிடுங்கியறியாத பிள்ளை அவன். வீடு அப்படியே நின்றது. மின்விசிறி மட்டும் டக்டக்கென்றது.

"அண்ணா, அந்த நம்பரைக் கேக்கறவன்தான் திருடன். உதவி பண்றவன் அதைக் கேக்க மாட்டான்."

"திருடனைப் பிடிக்க வந்தவனை நீ ஏன்டா தடுக்கறே?" என் வீட்டுக்காரர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உனக்கு என்ன பயம்? அங்கேயும் இப்படித்தான் ஏதாவது பண்ணினியா?"

அவன் கைப்பேசியை மேசைமேல் வைத்தான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற இடம் பார்த்துக்கோ."

"என்னங்க இது" என்றேன். நான் அவரை எதிர்த்துச் சொன்னது அவ்வளவுதான். கொழுந்தன் உள்ளே போய்ப் பையை எடுத்து அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் காத்திருக்கிற உத்தேசம் அவனுக்கு இல்லை. நான் அறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். என்னைத் தாண்டி அவன் போக மாட்டான் என்று தெரியும். உட்கார்ந்த இடத்திலேயே கடவுளிடம் ஒன்றுதான் கேட்டேன். அவளைச் சீக்கிரம் அனுப்பி வை.

மத்தியானம் வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். நடந்ததைச் சொன்னேன். தண்ணீர் குடித்தபடி கேட்டாள். என் வீட்டுக்காரர் தன் பங்கைச் சொன்னார். அதையும் கேட்டாள். கடைசியில் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரிடம் திரும்பினாள்.

"மாமா, பஸ் ஸ்டார்ட் ஆகலைன்னா முதல்ல என்ன பார்ப்பீங்க?"

"பேட்டரி."

"கண்டக்டரைப் புடிச்சு அடிக்க மாட்டீங்கல்ல?"

"சில கண்டக்டரை அடிக்கலாம்" என்றார் இவர். ஆனாலும் அவள் பின்னால் பின்பக்க அறைக்கு வந்தார். நானும் போனேன். கொழுந்தன் பையோடு கதவருகே நின்றான்.

அவள் முதலில் கணினியைத் தொடவில்லை. தன் கைப்பேசியிலிருந்து மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றினாள். "மாமா மூணு நம்பர் குடுத்துட்டாரு. மீதி மூணு தம்பியால பொழைச்சுது. ஆறும் போயிருந்தா என் பேட்டர்ன், பட்டறை ஆளுங்க நம்பர், எல்லாத்தையும் அவன் சட்டைப்பையில போட்டுட்டுப் போயிருப்பான்" என்றாள், மாமாவைப் பார்க்காமலே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அடுத்து, அந்தக் கணக்கை எங்கிருந்தெல்லாம் திறந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். அவள் கைப்பேசி, இந்தக் கணினி. வேறு எதுவும் இல்லை. "வெளியிலேர்ந்து யாரும் உள்ள வரலை" என்றாள் நிம்மதியாக.

"அப்போ வீட்டுக்குள்ள இருக்கறவங்கதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

நல்லது செய்யப்போய் அவனைச் சுற்றி வேலியை இன்னும் நெருக்கிக் கட்டிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. இருப்பது நான்கு பேர். அதில் கணினி தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவளே. கொழுந்தன் பையைத் தோளில் மாட்டினான்.

"அண்ணி, நான் கிளம்பறேன். உங்களுக்குள்ள என்னால எதுக்கு..."

"பையைக் கீழ வை."

"அண்ணி..."

"பாதித் தையல்தான் பிரிச்சிருக்கேன் தம்பி. பாதிச் சட்டையோட யாரையும் தெருவுல அனுப்பறது எனக்குப் பழக்கமில்லை. வை கீழ."

வைத்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பூட்டு விலகியிருந்தது. மின்னஞ்சலுக்குத்தான் புதிது, கணினிக்குப் பழைய கடவுச்சொல்தான். கடவுச்சொல் அடித்தாள். தவறு என்றது. "பார்த்துக்கலாம்" என்றாள். அந்தச் சொல்லை அவள் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுபடி அடித்தாள். இந்த முறை உள்ளே போவதற்கான விசையை அழுத்தாமல், கட்டத்தின் ஓரத்தில் இருந்த சின்னக் கண் படத்தை அழுத்தினாள். அதை அழுத்தினால் புள்ளிகள் போய், அடித்தது அப்படியே தெரியுமாம். எங்களைத் திரும்பி நிற்கச் சொன்னாள். மூன்று பேரும் சுவரைப் பார்த்து நின்றோம், தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளைகள் மாதிரி.

"அட" என்றாள்.

"என்னம்மா?" என்றேன்.

"எழுத்து இருக்கு. எண்ணைக் காணோம். நான் அடிக்கிறேன், அது விழவே இல்லை." பலகையில் எதையோ அழுத்தும் சத்தம். "எண் கட்டத்துக்குன்னு தனியா ஒரு சுவிட்ச் இருக்கு, மேல் மூலையில. அது அணைஞ்சு கிடக்கு. நான் பார்க்காமலே அடிக்கிறவ, விளக்கு எரியுதான்னு யாரு பார்த்தா?"

அதைப் போட்டாள். ஒரு சின்ன விளக்கு எரிந்தது. கடவுச்சொல் அடித்தாள். திரை விரிந்தது. நர்ஸ் சட்டையின் பாதி வரைந்த கை, முந்தைய நாள் விட்ட இடத்திலேயே காத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எதுவும் போகவில்லை, எதுவும் மாறவில்லை.

"சரி, அந்தச் சுவிட்சை அணைச்சது யாரு?" என்றார் என் வீட்டுக்காரர். விடுகிற மனிதர் இல்லை.

அவள் பலகைமேல் குனிந்தாள். சட்டையின் உள்தையலைப் பார்க்கிற அதே குனிவு. எண் கட்டத்து மேல் மூலைச் சாவியின் விளிம்பிலிருந்து இரண்டு விரலால் எதையோ உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு மஞ்சள் நூல்.

துணியை அவளைவிட நன்றாக யார் அறிவார்? ஒரு தடவை திருகிப் பார்த்தாள். "பருத்தி இல்லை. தைக்கிற துணி இல்லை, துடைக்கிற ரகம்." என்னைப் பார்த்தாள். "அக்கா, இந்த ரூமைக் காலையில யாரு துடைக்கிறது?"

"உங்க மாமாதான். வேற யாரைத் துடைக்க விடறார்?"

"நான்தான் துடைக்கிறேன்" என்றார் அவர் பெருமையாக. "தூசி சேர்ந்தா இந்தப் பெட்டியெல்லாம் சீக்கிரம் போயிடும். யாராவது கவனிக்கணுமில்ல?"

"இதையுமா மாமா?" பலகையைத் தொட்டுக் காட்டினாள்.

"அதுலதானே கை படுது. அதுலதான் அழுக்கு."

அவள் கணினியைப் பூட்டினாள், காலையில் இருக்கிற மாதிரியே. எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டாள். "ஒரு தடவை துடைச்சுக் காட்டுங்க மாமா. தினம் எப்படித் துடைப்பீங்களோ அப்படியே. எனக்காகக் குறைச்சுக்காதீங்க."

கேட்டால் செய்யாமல் இருப்பாரா? போய்த் துணியும் தண்ணீர்ப் புட்டியும் கொண்டுவந்தார். துணியை நனைத்துப் பிழிந்தார். முன்கண்ணாடி துடைக்கிற வாகில் காலை அகட்டி நின்று, உள்ளங்கையை அழுத்தி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு இழுப்பு. அங்கிருந்து இங்கே ஒரு இழுப்பு. மூலைகளுக்கு விரலைச் சுற்றி ஒரு திருகு.

திரை விழித்துக்கொண்டது. கட்டத்துக்குள் புள்ளிகள் எறும்பு மாதிரி ஓடின. தவறு என்றது. இழுப்பு. தவறு என்றது. கீச் கீச்சென்று சத்தம். எண் விளக்கு அணைந்தது. அடுத்த இழுப்பில் அந்தப் பெண்குரல் எழுந்து, அன்றைக்குப் போலவே தெளிவாக ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் துணியைப் பிடித்தபடி நின்றார்.

அந்தப் பெண் மட்டும் பேசிக்கொண்டே இருந்தாள். முதலில் சிரித்தது கொழுந்தன். அடக்கப் பார்த்து முடியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"முதல்ல இவளை நிறுத்துங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"கண்ணு தெரியாதவங்களுக்காகத் திரையைப் படிச்சுச் சொல்ற குரல் மாமா அது" என்று ஓரகத்தி அதை நிறுத்தினாள். "நீங்க துடைக்கிற இழுப்புல நாலஞ்சு சாவி ஒண்ணா அழுந்துது, அவ எந்திரிச்சுடறா. உள்ளே போற சாவியும் அழுந்துது, தப்பான கடவுச்சொல்னு அது எண்ணிக்கிட்டே வருது. தினம் காலையில நீங்கதான் இதுக்குள்ள புகுந்து பார்த்திருக்கீங்க."

"இவன் வந்ததுக்கு அப்புறம்தானே..." அவர் பாதியில் நிறுத்தினார்.

"நீங்களும் அப்பதான் மாமா ரிட்டையர் ஆனீங்க."

அவர் துணியை நான்காக மடித்தார். அதை எட்டாக மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூடத்துக்குப் போவார் என்று நினைத்தேன். போகும் வழியில் கதவருகே குனிந்து கொழுந்தனின் பையைத் தூக்கினார். நான் அவரை மறிக்கப் போனேன். அவர் வாசல் பக்கம் போகவில்லை. அவன் அறைக்குள் கொண்டுபோய், திறந்து கிடந்த அலமாரியின் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு நிற்காமல், சட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக உள்ளே அடுக்க ஆரம்பித்தார். அவருக்கு மடிக்கத் தெரியாது. எல்லாம் கோணல்.

"அண்ணா, விடுங்க. நான் வச்சுக்கறேன்."

"பிடுங்கினியே கையிலேர்ந்து," என்றார் அவர், திரும்பாமல். "இன்னும் கொஞ்சம் முன்னாடியே பிடுங்கியிருக்கலாம்டா. மூணு நம்பர் சொல்லிட்டேன்." இன்னொரு சட்டையை உள்ளே வைத்துவிட்டு, "அங்கே ஆபீஸ்லயும் இப்படி எவனாவது துடைச்சிருப்பான்" என்றார்.

அந்த அலுவலகத்தில் நடந்தது வேறாக இருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. ஆனால் என் வீட்டுக்காரர் மன்னிப்புக் கேட்பதென்றால் அது இப்படித்தான் வரும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவன் கோணல் சட்டைகளைத் திருப்பி எடுத்து மடித்துக் கொடுத்தான். அவர் வாங்கி வாங்கி அடுக்கினார்.

ஓரகத்தி அதற்குள் நர்ஸ் சட்டையின் கையை முடித்து அனுப்பிவிட்டாள். முதல் வேலையாக அவசர எண்ணை மாமாவிடமிருந்து மாற்றப்போகிறாளோ என்று கேட்டேன். "எதுக்கு? இனிமே அந்த நம்பரை அவர்கிட்டேர்ந்து கடவுளே வந்து கேட்டாலும் வாங்க முடியாதுக்கா" என்றாள். உண்மைதான். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் எந்த அழைப்பிலும் அவர் தன் பெயரைக்கூட எளிதில் சொல்வதில்லை. கப்பலிலிருந்து கூப்பிட்ட சொந்தத் தம்பியையே, "நீதான்னு நான் எப்படி நம்பறது?" என்று கேட்டாராம்.

துடைப்பதை விடச் சொன்னால் அவர் விடுவாரா? அதற்கும் அவளே வழி சொன்னாள். பலகையைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் துடைக்கலாம். கழற்றுவதற்கு மேசைக்கு அடியில் போக வேண்டும், அவருக்கு முதுகு வளையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கும்பிட்டு முடித்துக் கண்ணைத் திறந்தபோது, பின்பக்க அறையில் இரண்டு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கொழுந்தன் மேசைக்கு அடியில் படுத்திருந்தான். அண்ணன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கழட்டிட்டியாடா?"

"கழட்டிட்டேன் அண்ணா. துடைங்க."

"நல்லாப் பார்த்துட்டியா? அவ எந்திரிச்சுட மாட்டாளே?"

"மாட்டா அண்ணா."

காலை அகட்டி நின்று, உள்ளங்கையை அழுத்தி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு இழுப்பு இழுத்தார். கணினி வாயைத் திறக்கவில்லை. அடியில் படுத்திருந்தவன், மேலே துடைத்து முடியட்டும் என்று வயரைக் கையில் பிடித்தபடி காத்திருந்தான்.